தக்ளி, கன்றுக்குட்டி, ஆப்பிள்

இரவு ஒன்பதரை மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்து விழும்: நாளைக்கு எல்.கே.ஜி. பிள்ளைகளுக்கு ‘யெல்லோ டே’. மஞ்சள் உடையில் வர வேண்டும். டிபன் பாக்ஸிலும் மஞ்சளாக ஏதாவது இருக்க வேண்டும். அம்மா பீரோவைக் கவிழ்ப்பார். அப்பா கடை சாத்துவதற்குள் ஓடிப்போய் வாழைப்பழம் வாங்கி வருவார். மறுநாள் மஞ்சள் பலூன், மஞ்சள் சார்ட், எலுமிச்சைப் படத்துக்கு மஞ்சள் கிரேயான். மாலைக்குள் புகைப்படங்கள் குழுவில் ஏறிவிடும். அடுத்த வாரம் ‘கிரீன் டே’. விசாரித்தால், “எங்க ஸ்கூல்ல எல்லாமே தீம் பேஸ்டுதான்” என்று பெருமையாகப் பதில் வரும்.

ஒரு கருப்பொருளை நடுவில் வைத்து, மொழி, கணக்கு, அறிவியல், சமூகம், ஓவியம் என்று எல்லாவற்றையும் அதைச் சுற்றியே சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் முறைக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. சிகாகோ, பிரஸ்ஸல்ஸ், மாஸ்கோ, வார்தா, லண்டன், டோக்கியோ என்று அது சுற்றாத ஊர் குறைவு. சில நாடுகளில் அரசாங்கமே அதைச் சட்டமாக்கியது. சில நாடுகளில் அதே அரசாங்கம் பத்தாண்டுக்குள் தூக்கி எறிந்தது. அந்தப் பெரிய குடும்பத்தின் கடைக்குட்டிதான் இந்த மஞ்சள் சட்டை. குடும்பத்தின் மூத்தவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று தெரிந்துகொள்ள ஜப்பானுக்குப் போக வேண்டும்.

பால் வேண்டுமென்றால்...

ஜப்பானின் மலைப்பாங்கான நாகானோ மாகாணத்தில் இனா என்றொரு ஊர். அங்குள்ள இனா ஆரம்பப் பள்ளியில் மதிப்பெண் அட்டை கிடையாது; 1950களிலேயே அதை நிறுத்திவிட்டார்கள். பாடவேளை அட்டவணை இல்லை, மணி அடிப்பதும் இல்லை. ஒவ்வொரு வகுப்பும் தான் எதில் இறங்கப்போகிறது என்பதை ஆசிரியரோடு பேசி முடிவு செய்யும். ‘வசந்த வகுப்பு’ என்று பெயர் வைத்துக்கொண்ட ஒரு வகுப்பு, மாடு வளர்ப்பது என்று முடிவெடுத்தது. கன்றுக்குட்டி ஒன்று வந்தது. பிள்ளைகள் அதற்கு லாரா என்று பெயரிட்டார்கள்.

அந்தக் கதை வெளியுலகுக்குத் தெரியக் காரணம், தொலைக்காட்சி நிகழ்ச்சித் தயாரிப்பில் உதவியாளராக இருந்த ஓர் இளைஞர். கையில் சிறு வீடியோ கேமராவோடு அவர் அந்த வகுப்புக்குத் திரும்பத் திரும்பப் போனார். 1991இல் அது ஆவணப்படமாக ஒளிபரப்பானது. அந்த இளைஞரின் பெயர் ஹிரோகாசு கொரே-எடா. 2018இல் கான் திரைப்பட விழாவில் ‘ஷாப்லிஃப்டர்ஸ்’ படத்துக்காகத் தங்கப் பனை விருது வாங்கியவர் இவரேதான்.

மாடு வளர்ப்பது பிள்ளைகளுக்கு விளையாட்டுபோலத்தான் தொடங்கியிருக்கும். ஆனால் மாடு சும்மா இருக்காது. அது நிற்க இடம் வேண்டும். இடத்தை அளக்க வேண்டும். அதற்குத் தீவனம் வேண்டும். தீவனத்துக்குக் காசு வேண்டும். காசுக்குக் கணக்கு வேண்டும். லீவு நாளிலும் அதற்குப் பசிக்கும், ஆகவே யார் எந்த நாள் வருவது என்ற முறை வேண்டும். பிள்ளைகளுக்கு லாராவின் பாலைக் குடிக்க ஆசை. பால் வேண்டுமென்றால் மாடு சினையாக வேண்டும், கன்று ஈன வேண்டும். டெட்ரா பேக்கில் பாலைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இது செய்தி. சினைக்காலம் ஏறத்தாழ ஒன்பது மாதம் என்பதைப் பாடப்புத்தகத்தில் படிப்பது ஒன்று, காலண்டரில் நாளை அடித்துக்கொண்டே காத்திருப்பது வேறு.

காத்திருந்த கன்று குறைமாதத்தில் இறந்தே பிறந்தது.

அடுத்து நடந்ததை எந்தப் பாடத்திட்டக் குழுவும் உட்கார்ந்து யோசித்து எழுதியிருக்க முடியாது. கன்று செத்தாலும் மாட்டுக்குப் பால் சுரக்கும். கறக்காமல் விட்டால் மடி கட்டிக்கொள்ளும். பிள்ளைகள் கறந்தார்கள், ஆசைப்பட்ட பாலைக் குடித்தார்கள். அழுகையும் ருசியும் ஒரே நேரத்தில் வந்தது. அதன்பிறகு அவர்கள் எழுதிய கவிதைகளிலும் கட்டுரைகளிலும் துக்கமும் சந்தோஷமும் ஒன்றோடொன்று கலந்து வரத் தொடங்கியதாக கொரே-எடா பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். மொழிப்பாடம் அங்கே நடந்தது. ‘என் செல்லப் பிராணி’ என்று பத்து வரி எழுதச் சொல்லி வாங்கியதில்லை அது.

லாரா விஷயத்தில் எந்தப் பாடமும் ஒட்டவைக்கப்படவில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். கணக்கு இல்லாவிட்டால் மாடு பட்டினி கிடக்கும். ஆகவே கணக்கு வந்தது. கருப்பொருள் முறையில் நல்லதையும் போலியையும் பிரிக்க இதைவிட எளிய சோதனை கிடைப்பது கஷ்டம்: நடுவில் இருக்கும் பொருள் பாடத்தைக் கேட்கிறதா, அல்லது பாடத்தின் மேல் அந்தப் பொருளின் படத்தை ஒட்டியிருக்கிறோமா?

அரை மணி நேரப் பஞ்சு

இந்த யோசனையை முதலில் முறையாகச் சோதித்துப் பார்த்தவர்களில் முக்கியமானவர் தத்துவப் பேராசிரியர் ஜான் டூயி. 1896 ஜனவரியில் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஆதரவில் பதினாறு பிள்ளைகளோடு ஒரு சோதனைப் பள்ளியைத் தொடங்கினார். பள்ளிக்கு மேசை, நாற்காலி வாங்கப் போன அனுபவத்தை அவரே எழுதியிருக்கிறார். கடை கடையாக ஏறி இறங்கியும் வேண்டியது கிடைக்கவில்லை. கடைசியில் ஒரு கடைக்காரர்தான் விஷயத்தைப் பிடித்தார்: நீங்கள் கேட்பது பிள்ளைகள் வேலை செய்வதற்கு, எங்களிடம் இருப்பதெல்லாம் உட்கார்ந்து கேட்பதற்கு. கல்வி பற்றி ஒரு நாற்காலி வியாபாரி இவ்வளவு துல்லியமாகப் பேசியது அதற்குப் பிறகு நடந்திருக்குமா என்பது சந்தேகம்.

டூயியின் பள்ளியில் ஆறு வயதுப் பிள்ளைகள் வீட்டுக்குத் தேவையானதைத் தரும் தொழில்களையும் பண்ணையையும் எடுத்துக்கொண்டார்கள். ஏழு வயதினர் ஆதிமனிதன் காலத்திலிருந்து கருவிகள் வளர்ந்த கதையை. சமையல், தச்சு, நெசவு மூன்றும் எல்லா வயதிலும் தொடர்ந்தன. அவற்றில் துணி பற்றிய பகுதியை 1899இல் வெளிவந்த ‘பள்ளியும் சமூகமும்’ நூலில் டூயி விரிவாகச் சொல்கிறார்.

பிள்ளைகளின் கையில் பருத்திக் காயையும் ஆட்டு ரோமத்தையும் கொடுத்தார்கள். ஐரோப்பாவில் கம்பளி முந்தியும் பருத்தி பிந்தியும் வந்தது ஏன் என்று யாரும் சொல்லித்தரவில்லை. ஒரு குழு அரை மணி நேரம் உட்கார்ந்து பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரித்தது. கிடைத்த பஞ்சு ஓர் அவுன்ஸ்கூட, அதாவது 28 கிராம்கூட இல்லை. கையால் பிரித்தால் ஒரு ஆள் நாள் முழுவதும் வேலை செய்து ஒரு பவுண்டு பஞ்சு எடுப்பதே பெரிய விஷயம் என்பது அவர்களுக்கே விளங்கிவிட்டது. ரோம இழை நீளம், பருத்தி இழை குட்டை, ஆகவே கையால் முறுக்க ரோமம் சுலபம் என்பதையும் விரல்கள் கண்டுபிடித்தன. வரலாறு, தாவரவியல், எந்திரவியல், கணக்கு எல்லாம் ஒரு பருத்திக் காய்க்குள்ளேயே இருந்தன.

அந்தக் காய்க்குள் இன்னொரு பாடமும் இருந்தது. 1793இல் எலி விட்னி கண்டுபிடித்த பஞ்சரவை எந்திரம் கொட்டை பிரிக்கும் வேலையைச் சுலபமாக்கியது. அதனால் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் பருத்தி பெருகியது; பருத்தி பெருகியதால் கறுப்பின அடிமைகளின் எண்ணிக்கையும் பெருகியது. ஒரு கருவி உழைப்பைக் குறைக்கும் என்றுதான் பிள்ளைகள் நினைப்பார்கள். சில சமயம் அது உழைப்பவர்களின் விலங்கை இறுக்கும் என்பதை நல்ல ஆசிரியர் ஒருவரால் அதே பஞ்சை வைத்துக்கொண்டே சொல்லியிருக்க முடியும்.

டூயி 1904இல் சிகாகோவை விட்டுப் போனார். அவருடைய சீடர் வில்லியம் கில்பாட்ரிக் 1918இல் எழுதிய ‘புராஜெக்ட் முறை’ கட்டுரை ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளில் காட்டுத்தீயாகப் பரவியது. பெல்ஜியத்தில் மருத்துவர் ஓவிட் டெக்ரோலி 1907இல் தொடங்கிய பள்ளி இன்னொரு வழியில் போனது. உண்பது, வெயில் மழையிலிருந்து காத்துக்கொள்வது, ஆபத்திலிருந்து தற்காத்துக்கொள்வது, கூடி உழைப்பது என மனிதனுக்கு நான்கு தேவைகள். அவற்றில் ஒன்றை எடுத்து மாதக் கணக்கில் விடாமல் துருவினார்கள். டெக்ரோலியிடம் யாரும் ‘ஃபுரூட்ஸ் டே’ என்று போய்ச் சொல்லியிருந்தால், பழத்துக்கு ஒரு நாள் எப்படிப் போதும் என்று கேட்டிருப்பார்.

வார்தாவின் ஐந்தரை மணி நேரம்

இந்தியாவில் இது வேறு உருவமெடுத்தது. 1937 அக்டோபர் 22, 23 தேதிகளில் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில் காந்தி ஒரு திட்டத்தை முன்வைத்தார். ஏழு வயது முதல் பதினான்கு வரை ஏழாண்டு இலவசக் கட்டாயக் கல்வி, தாய்மொழியில், ஒரு கைத்தொழிலை நடுவில் வைத்து. தமிழ்நாட்டில் ஆதாரக் கல்வி என்று அறியப்பட்டது இதுதான். திட்டத்தை வகுக்க ஜாகிர் உசேன் தலைமையில் குழு அமைந்தது. வினோபா பாவே, காகா காலேல்கர் ஆகியோரோடு தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி.குமரப்பாவும் அதில் இருந்தார். குழுவின் அமைப்பாளர் ஈ.டபிள்யூ.ஆரியநாயகம் ஓர் இலங்கைத் தமிழர். சாந்திநிகேதனில் தாகூரின் செயலாளராக இருந்தவர். மனைவி ஆஷா தேவியோடு சேவாகிராமத்தில் இந்தக் கல்வியை ஆண்டுக் கணக்கில் நடத்திக் காட்டியவரும் அவரே.

குழு போட்ட நேரக்கணக்கு சுவாரஸ்யமானது. மொத்தம் ஐந்தரை மணி நேரம். அதில் கைத்தொழிலுக்கு மட்டும் 3 மணி 20 நிமிடம். இசை, ஓவியம், கணக்கு மூன்றுக்கும் சேர்த்து 40 நிமிடம், தாய்மொழிக்கு 40, சமூகத்துக்கும் அறிவியலுக்கும் 30, உடற்பயிற்சிக்குப் பத்து, இடைவேளைக்குப் பத்து. கணக்குக்கு இவ்வளவு குறைவா என்று இன்றைய பெற்றோர் பதறுவார்கள். ஆனால் அந்த 3 மணி 20 நிமிடத்துக்குள்தான் கணக்கின் பெரும்பகுதி ஒளிந்திருந்தது.

நூலின் நம்பர் என்பதையே எடுத்துக்கொள்ளலாம். பருத்தி நூலில் 840 கஜம் கொண்ட சிட்டங்கள் எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை வருமோ, அதுவே அந்த நூலின் நம்பர். இருபதாம் நம்பர் என்றால் ஒரு பவுண்டில் 16,800 கஜம். நாற்பதாம் நம்பர் என்றால் அதைப்போல் இரண்டு மடங்கு நீளம், பாதி கனம். தக்ளியில் (கையால் சுழற்றும் நூற்புக் கதிரில்) நூற்ற பிள்ளை தன் நூலை அளந்து, எடை போட்டு, தன் நம்பர் என்ன என்று கண்டுபிடிக்கும்போது பெருக்கல், வகுத்தல், விகிதம் மூன்றும் ஒரே மூச்சில் வந்துவிடும். நேற்று பன்னிரண்டு, இன்று பதினான்கு என்றால் விரல் தேறியிருக்கிறது என்பது வாத்தியார் சொல்லாமலே தெரியும்.

திட்டத்தின் பலவீனமும் அங்கேயே இருந்தது. பிள்ளைகள் செய்யும் பொருளை விற்று ஆசிரியரின் சம்பளத்தை ஈடுகட்டலாம் என்று காந்தி நம்பினார். அந்த மாநாட்டிலேயே ஜாகிர் உசேன் எச்சரித்தார்: இப்படிப் போனால் ஆசிரியர்கள் கங்காணிகளாகி ஏழைப் பிள்ளைகளின் உழைப்பைச் சுரண்டத் தொடங்கலாம், அப்போது புத்தகத்தைவிடத் தக்ளி மோசமானதாகிவிடும். அமெரிக்காவின் புராஜெக்ட் முறையையும் ரஷ்யாவின் காம்ப்ளெக்ஸ் முறையையும் அறிந்தவர்களுக்கு இந்த யோசனையின் மையம் புதிதல்ல என்றும் அவர் சொன்னார். திட்டத்துக்கே தலைவராகப் போகிறவர் அதன் ஓட்டையையும் முதல் நாளே சுட்டிக்காட்டியது அரிய நேர்மை.

இன்னொரு திருத்தத்தையும் குழு செய்தது. எல்லாப் பாடத்தையும் கைத்தொழிலோடு முடிச்சுப் போட முடியாது என்று உணர்ந்து, கைத்தொழில், இயற்கைச் சூழல், சமூகச் சூழல் என்று மூன்று மையங்களை அறிக்கை ஏற்றது. ஆனால் களத்தில் இறங்கிய ஆசிரியர்கள் பலருக்கு அந்த நெகிழ்வு போய்ச் சேரவில்லை. வாமன அவதாரத்தையும் வட்டிக் கணக்கையும் தக்ளியிலேயே கட்டித் தொங்கவிட வேண்டிய கட்டாயம் என்று எடுத்துக்கொண்டால், கேட்பவருக்குச் சிரிப்புத்தான் வரும்.

தமிழ்நாட்டில் அதன் மேல் இன்னொரு நிழலும் விழுந்தது. 1953இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த மாற்றியமைத்த தொடக்கக் கல்வித் திட்டம், கிராமப்புறப் பள்ளி நேரத்தை மூன்று மணி நேரமாகக் குறைத்து, மீதிப் பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என்றது. குலக்கல்வி என்று பெரியாரும் திராவிட இயக்கமும் அதை எதிர்த்தார்கள். 1954இல் காமராஜர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. ஆதாரக் கல்வியும் இந்தத் திட்டமும் ஒன்றல்ல. முன்னதில் எல்லாச் சாதிப் பிள்ளையும் ஒரே தக்ளியைப் பிடிக்க வேண்டும். பின்னதில் அவரவர் அப்பன் தொழிலுக்குப் போக வேண்டும். இருந்தாலும் பள்ளிக்கூடத்துக்குள் கைவேலை என்றாலே சந்தேகத்தோடு பார்க்கும் வழக்கம் இங்கே வேரூன்றியது. முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வந்தவர்கள், எங்களுக்கு மண்வெட்டி தெரியும், புத்தகத்தைக் கொடுங்கள் என்று கேட்டதில் நியாயம் இருந்தது. கருப்பொருள் முறையைப் பற்றி இன்று பேசுகிறவர்கள் அந்தக் கேள்வியைத் தாண்டிக் குதித்துவிட முடியாது.

ஆப்பிள் வாரம்

ரஷ்யாவில் 1923இல் வந்த காம்ப்ளெக்ஸ் பாடத்திட்டம் பாடங்களையே எடுத்துவிட்டு இயற்கை, உழைப்பு, சமூகம் என்று மூன்று பத்திகள் போட்டது. லெனினின் மனைவி குரூப்ஸ்கயா அதற்குப் பின்னால் நின்றவர். 1931இல் கட்சியின் மத்தியக் குழு தலையிட்டு, பள்ளிகள் அடிப்படை அறிவைத் தரவில்லை என்று கண்டித்து, பாடங்களைப் பழையபடி தனித்தனியாக்கியது. இங்கிலாந்தில் 1967இன் பிளௌடன் அறிக்கைக்குப் பிறகு ‘டாபிக் ஒர்க்’ என்ற பெயரில் இந்த முறை செழித்தது. பிள்ளைகள் பல இடங்களில் புத்தகங்களைப் பார்த்துக் காப்பி அடித்துக்கொண்டிருந்ததை, 1978இல் வெளிவந்த பள்ளி ஆய்வாளர்களின் அறிக்கை சொன்னது. 1988இன் சட்டம் பாடவாரியான தேசியப் பாடத்திட்டத்தைக் கொண்டுவந்தது.

ஏன் இப்படிச் சரிகிறது என்பதை அமெரிக்கக் கல்வியாளர்கள் கிராண்ட் விக்கின்ஸும் ஜே மெக்டைகும் 1998இல் ஒரு வகுப்பறைக் காட்சியால் காட்டினார்கள். மூன்றாம் வகுப்புக்கு ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் இரண்டு வாரம் ஆப்பிள். ஆங்கிலத்தில் ஆப்பிள் விதை தூவிய மனிதரின் கதை. ஓவியத்தில் ஆப்பிள் இலைக் கொலாஜ். இசையில் ஆப்பிள் பாட்டு. அறிவியலில் ஆப்பிளைத் தொட்டு முகர்ந்து விவரித்தல். கணக்கில் ஆப்பிள் சாஸ் செய்முறையை வகுப்பு முழுவதற்கும் பெருக்குதல். கடைசியில் தோட்டத்துக்குச் சுற்றுலா. நிறைவு விழாவில் பெற்றோரே ஆப்பிள் வேடம் போட்டு வருவார்கள். எல்லோருக்கும் சந்தோஷம். பிள்ளை என்ன கற்றது என்று கேட்டால், ஆப்பிளைத் தவிர வேறு பதில் இல்லை.

அந்த இரண்டு வாரத்தில் ஒரு கேள்விகூடக் கேட்கப்படவில்லை என்பதுதான் குறை. கருப்பொருள் வெறும் பெயர்ச்சொல்லாக நின்றுவிட்டது. வெட்டிய ஆப்பிள் பழுப்பாவது ஏன், எலுமிச்சைச் சாறு தடவினால் நிற்பது ஏன், ஊட்டியில் விளைவது மதுரையில் விளையாதது ஏன் என்று ஒரு ஏன் உள்ளே வந்திருந்தால், பிள்ளை அளக்கவும் ஒப்பிடவும் எழுதவும் தொடங்கியிருக்கும். லில்லியன் கேட்ஸும் சில்வியா சார்டும் 1989இல் எழுதிய ‘புராஜெக்ட் அணுகுமுறை’ நூல் வலியுறுத்துவதும் இந்த வேறுபாட்டைத்தான்: ஆசிரியர் முன்கூட்டியே பின்னிவைத்த தீம் வேறு, பிள்ளைகளின் கேள்வியால் நகரும் விசாரணை வேறு.

பேஸ்பால் தெரிந்த பிள்ளை

ஒரே விஷயத்தில் பல வாரம் தங்குவதில் மொழிப்பாடத்துக்கு ஒரு தனி லாபம் உண்டு. 1988இல் டானா ரெக்ட், லாரன் லெஸ்லி இருவரும் விஸ்கான்சினில் 64 மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். நடுநிலைப்பள்ளி வயதுப் பிள்ளைகள். சிலர் வாசிப்பில் கெட்டி, சிலர் மட்டம். சிலருக்கு பேஸ்பால் நன்றாகத் தெரியும், சிலருக்குத் தெரியாது. ஒரு ஆட்டத்தின் வர்ணனையைப் படிக்கக் கொடுத்து, படித்ததை மாதிரி மைதானத்தில் பொம்மைகளை நகர்த்திக் காட்டச் சொன்னார்கள். வாசிப்பில் மட்டம் என்று முத்திரை குத்தப்பட்ட, ஆனால் பேஸ்பால் தெரிந்த பிள்ளைகள், வாசிப்பில் கெட்டியான ஆனால் ஆட்டம் தெரியாத பிள்ளைகளை எளிதாக முந்தினார்கள்.

படித்துப் புரிந்துகொள்வது தனித் திறமை மாத்திரம் இல்லை, விஷயஞானமும் சேர்ந்தது என்பதற்கு இந்தச் சோதனையை இன்றும் சான்று காட்டுகிறார்கள். நம் கிரிக்கெட் பைத்தியங்கள் வீட்டிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம்: தமிழ்ப் பாடத்தில் திணறும் பையன் ஸ்கோர் கார்டையும் ஆட்ட விமரிசனத்தையும் தங்குதடையின்றிப் படிப்பான். திங்கட்கிழமை யானை, செவ்வாய்க்கிழமை ரயில், புதன்கிழமை தீபாவளி என்று தாவும் வாசகப் புத்தகத்தில் எந்தச் சொல்லும் இரண்டாம் முறை எதிர்ப்படுவதில்லை. மூன்று வாரம் தண்ணீர் பற்றியே படித்தால் ஊற்று, மதகு, கலங்கல், வண்டல் என்ற சொற்கள் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு மனத்தில் நிற்கும்.

என்.சி.இ.ஆர்.டி.யின் சூழ்நிலையியல் பாடத்திட்டம் இதைப் பிடித்துக்கொண்டது. தேசியக் கலைத்திட்டச் சட்டகம் 2005ஐ ஒட்டி வந்த அந்தத் திட்டத்தில் 3 முதல் 5 வரையான வகுப்புகளுக்கு அறிவியலும் சமூகமும் தனித்தனியாக இருக்கவில்லை. குடும்பமும் நண்பர்களும், உணவு, உறைவிடம், தண்ணீர், பயணம், நாம் செய்யும் பொருள்கள் என்று ஆறே கருப்பொருள்கள். அதன் ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தில் மாம்பழம் பற்றி ஒரு பாடம் இருந்தது. ஆந்திராவின் ஆத்ரேயபுரத்தில் மாம்பழக் கூழைப் பாயில் ஊற்றி, நாள்தோறும் ஒரு படலம் சேர்த்துக் காயவைத்து மாமிடி தாண்ட்ரா செய்கிறார்கள். உணவு ஏன் கெடுகிறது என்ற கேள்வி அந்தப் பாயிலிருந்து கிளம்பியது. ரொட்டித் துண்டில் பூசணம் பிடிப்பதை நாள்வாரியாகக் குறிக்கும் பயிற்சியும் கூடவே வந்தது. மாம்பழத்துக்கு அங்கே வேலை இருந்தது.

இலங்கையில் 1999இல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்ற பாடத்தை அமைத்தது. அதில் பதினாறு தொனிப்பொருள்கள். ஆண்டுதோறும் அவையே கொஞ்சம் ஆழமாகித் திரும்பி வரும். இங்கே தமிழ்நாட்டில் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08இல் மாநிலம் முழுவதும் போன செயல்வழிக் கற்றல் பிள்ளைகளைப் பெஞ்சிலிருந்து தரைக்கு இறக்கியது. அது பெரிய காரியம். ஆனால் கணக்குக்கு ஓர் ஏணி, தமிழுக்கு ஓர் ஏணி என்று அட்டைகள் தனித்தனியாகவே ஏறின.

மார்கழியில் மாவு ஏன் பொங்கவில்லை?

நம் ஊர் வகுப்பறையில் லாராவைக் கட்ட இடமில்லை. ஆனால் இட்லி மாவு இருக்கிறது. இட்லியை வெறும் பெயர்ச்சொல்லாக வைத்தால் இட்லிப் படத்துக்கு வெள்ளை கிரேயான் பூசலாம். மார்கழிக் குளிரில் மாவு ஏன் சரியாகப் பொங்கவில்லை என்று கேட்டால் வேலை தொடங்கிவிடும். இரண்டு கண்ணாடி பாட்டிலில் ஒரே மாவு. மட்டத்தில் ரப்பர் பேண்ட். ஒன்று அடுப்பங்கரைப் பக்கம், ஒன்று ஜன்னலோரம். காலையில் எது எத்தனை விரற்கடை ஏறியிருக்கிறது என்று அளந்து எழுத வேண்டும். நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்றால், 60 பிள்ளைகளுக்கு ஆளுக்கு இரண்டு இட்லி போட எவ்வளவு ஊறப்போட வேண்டும்? உளுந்தைக் குறைத்தால் என்ன ஆகும்? மாவைப் பொங்கவைக்கும் நுண்ணுயிர் எங்கிருந்து வந்தது, யாரும் போடவில்லையே?

உளுந்து எங்கே விளைகிறது என்று கேட்டால் காவிரி டெல்டாவில் சம்பா அறுப்புக்குப் பின் நெல் தரிசில் விதைக்கும் கதை வரும். கிரைண்டர் என்றால் கோயம்புத்தூரும் அதன் புவிசார் குறியீடும் வரும். பாட்டியிடம் ஆட்டுக்கல்லைப் பற்றிக் கேட்டு எழுதி வரச் சொன்னால் ஊறவைப்பது, களைவது, தள்ளிவிடுவது, வழிப்பது என்று வினைச்சொற்கள் வரிசை கட்டும். உங்கள் வீட்டில் மாவு ஆட்டுவது யார் என்று கணக்கெடுத்துப் படவரைபடம் போட்டால், அப்பா என்ற பத்தி எவ்வளவு உயரம் என்பதைப் பிள்ளைகளே பார்த்துக்கொள்வார்கள். சமூகப் பாடத்தில் அதைவிடக் கூர்மையான பக்கம் இருக்காது.

ஆனால் இட்லியிலிருந்து ணகரத்தையும் னகரத்தையும் பிரித்தறியச் சொல்லித்தர முடியாது. ஏழாம் வாய்பாடும் அதிலிருந்து வராது. எழுத்தறிவுக்கும் எண்ணறிவுக்கும் படிப்படியான தனி வரிசை உண்டு. அதில் ஒரு படி விட்டுப்போனால் பின்னால் பிள்ளை தடுக்கி விழும். கொரோனாவுக்குப் பின் 2022இல் தமிழக அரசு தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்து அந்த வரிசையைத்தான் பிடித்துக்கொண்டது. அதைக் கருப்பொருள் முறைக்கு எதிரியாகப் பார்ப்பதற்கில்லை. காலையில் எழுத்தும் எண்ணும் தம் போக்கில் போகட்டும். கற்ற எழுத்துக்கும் எண்ணுக்கும் பிற்பகலில் வேலை கிடைக்கட்டும்.

இந்த முறை மிகவும் பொருந்துவது மஞ்சள் சட்டைப் பள்ளிகளுக்கு இல்லை, கிராமத்து ஈராசிரியர் பள்ளிகளுக்குத்தான். 2009இன் கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். வகுப்புகளோ ஐந்து. ஒவ்வொரு வகுப்புக்கும் ஒவ்வொரு பாடமும் தனித்தனியாக என்றால் எந்த ஆசிரியராலும் முடியாது. நடைமுறையில் ஒரு வகுப்பு படிக்கும்போது இன்னொரு வகுப்பு பார்த்து எழுதிக்கொண்டிருக்கும். அதே மாவு பாட்டிலை நடுவில் வைத்தால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை விரற்கடையால் அளக்கும், மூன்றாம் வகுப்பு ஸ்கேலால் அளந்து அட்டவணை போடும், ஐந்தாம் வகுப்பு விகிதம் கணக்கிடும். பெரிய பிள்ளை எழுதியதைச் சின்னப் பிள்ளை படிக்கும்.

எவ்வளவு நேரம் ஒதுக்கலாம்? ஜப்பான் 2002இல் நாடு முழுவதும் ஆரம்பப் பள்ளிகளில் மூன்றாம் வகுப்பிலிருந்து ஒருங்கிணைந்த கற்றலுக்கென்று ஆண்டுக்குக் குறைந்தது 105 பாடவேளை கொடுத்தது. சர்வதேசத் தேர்வுகளில் தரவரிசை இறங்கியதும் பெற்றோரும் பத்திரிகைகளும் கூச்சலிட்டார்கள். 2011இலிருந்து அது 70 ஆகக் குறைந்தது. குறைத்தார்களே தவிர எடுத்துவிடவில்லை. பின்லாந்து பாடங்களையே ஒழித்துவிட்டது என்று 2015இல் உலகமெங்கும் செய்தி பறந்தது. உண்மையில் 2016இல் அமலான அதன் பாடத்திட்டம் கேட்டது ஆண்டுக்குக் குறைந்தது ஒரு பல்துறைக் கற்றல் பகுதியை மட்டுமே.

ஜப்பானின் 70ஐ 35 வாரத்துக்குப் பிரித்தால் வாரம் இரண்டு பாடவேளை. நம் பள்ளிகளிலும் அது கிடைக்கும். வராமல் இருப்பது பெரும்பாலும் காகிதத்தால்தான். பாடக்குறிப்பேட்டில் தமிழுக்கு ஒரு பக்கம், கணக்குக்கு ஒரு பக்கம், சூழ்நிலையியலுக்கு ஒரு பக்கம் என்று எழுதிவைத்தால்தான் பார்வையிட வருபவர் கையெழுத்துப் போடுவார் என்கிற நிலையில், எமிஸ் என்ற பள்ளித் தகவல் தளத்தின் பதிவுகளுக்கே நேரம் போதாத ஆசிரியர் மாவு பாட்டிலுக்காக நான்காவதாக ஒரு பக்கம் எழுத மாட்டார். மூன்று பாடத்துக்கும் சேர்த்து ஒரே பக்கக் குறிப்பு போதும், அதில் பிள்ளைகள் கேட்ட கேள்வி ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும் என்று வட்டாரக் கல்வி அலுவலர் ஒருவர் தம் ஒன்றியத்துக்கு ஒரு சுற்றறிக்கை விட்டால், அந்த இரண்டு பாடவேளை அடுத்த பருவத்திலேயே தொடங்கிவிடலாம்.